லாடமும் உப்புக்கண்டமும்: சான் மார்ட்டின் ஆண்டீஸைக் கடந்த விதம்

தென் அமெரிக்காவை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கப் போராடிய அர்ஜென்டினத் தளபதி ஹோசே டி சான் மார்ட்டின் என்றதும் எல்லோரும் சிலியில் நடந்த சாக்காபுக்கோ போருக்குப் போய்விடுகிறார்கள். 1817 பிப்ரவரி 12 அன்று நடந்த அந்தச் சண்டை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதற்காக ஆண்டீஸ் மலைக்கு இந்தப் பக்கம், அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் நடந்த ஆயத்தத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அவருடைய மேதைமை அந்த ஆயத்தத்தில்தான் தெரிகிறது என்பது என் கட்சி.

தென் அமெரிக்காவில் ஸ்பானிய அதிகாரத்தின் மையமாக இருந்த பெருவின் லிமா நகரைப் பிடிக்காமல் ஸ்பெயினின் ஆட்சி ஒழியாது. மேல் பெரு (இன்றைய பொலிவியா) வழியாகப் போன படைகள் தோற்றுத் திரும்பிவிட்டன. ஆகவே சிலிக்குள் இறங்கி, அங்கிருந்து கடல்வழியே பெருவுக்குப் போவதென்று அவர் முடிவு செய்தார். 1814-இல் மெண்டோசா அடங்கிய கூயோ மாகாண ஆளுநர் பதவியைக் கேட்டு வாங்கியது அதற்காகவே.

குறுக்கே மலை. பிரதானப் படை போன லாஸ் பாதோஸ் பாதை ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. அங்கே குதிரையில் ஏறிப் போனால், போர்க்களத்தில் குதிரை எழுந்து நிற்காது. அதனால் வீரர்கள் கோவேறு கழுதைகளில் போனார்கள். குதிரைகளுக்கு லாடம் அடித்து, சண்டைக்கென்று சும்மா நடத்திக் கூட்டிப்போனார்கள். சுமார் 5,000 பேருக்கு 9,000-க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள், 1,600 குதிரைகள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், குளிரிலும் தீவனமில்லாத பாறைவெளியிலும் பாதிக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள் செத்தன. சிலியை எட்டிய குதிரைகள் சுமார் 500தான்.

விறகு கிடைக்காத உயரத்தில் சமையல் எப்படி? மாட்டிறைச்சி உப்புக்கண்டத்தை இடித்து, கொழுப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து மூட்டை கட்டினார்கள். வெந்நீரும் வறுத்த சோளமாவும் கலந்தால் சாப்பாடு தயார். மலைநோய் என்கிற மூச்சுமுட்டலுக்குப் பூண்டும் வெங்காயமும். தண்ணீருக்கு மாட்டுக்கொம்புக் குடுவைகள். காலுக்கு, உள்ளே கம்பளித் துணி வைத்த பச்சைத்தோல் செருப்பு.

பீரங்கிகளை லூயிஸ் பெல்த்ரான் என்ற துறவி பார்த்துக்கொண்டார். பட்டறையில் அவற்றை வார்த்தவரும் அவர்தான். அவற்றை வண்டிச் சக்கரத்திலிருந்து கழற்றி, தாழ்வான குறுகிய வண்டிகளில் ஏற்றி, செங்குத்தான இடங்களில் வடம் கட்டி இழுத்து, உஸ்பல்லாத்தா கணவாய் வழியே கொண்டுபோனார்.

வரைபடம் கிடைத்த கதை இன்னும் அழகு. அர்ஜென்டினாவின் சுதந்திரப் பிரகடனத்தின் நகலைக் கொடுக்கும் சாக்கில் ஆல்வாரெஸ் கொண்டார்கோ என்ற பொறியாளரை லாஸ் பாதோஸ் வழியாகச் சிலிக்கு அனுப்பினார் சான் மார்ட்டின். சிலியின் ஸ்பானிய ஆளுநர் மார்கோ டெல் பொன்ட் கோபத்தில் குறுக்குவழியான உஸ்பல்லாத்தா வழியே அவரைத் துரத்திவிட்டார். எதிர்பார்த்ததும் அதைத்தான். ஒரு காகிதம்கூட எழுதாமல் இரண்டு பாதைகளையும் மனத்தில் பதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் கொண்டார்கோ.

வடக்கிலும் தெற்கிலும் சிறு படைகளை ஏவியதில், எங்கே அடி விழும் என்று புரியாமல் மார்கோ தன் வீரர்களைச் சிதறடித்து நிறுத்தினார். லாஸ் பாதோஸ், உஸ்பல்லாத்தா வழியே வந்த இரண்டு பெரும் படைகளும் மலையிறங்கி, பிப்ரவரி 8 அன்று சிலியின் சான் பெலிப்பே ஊரிலும் அருகிலிருந்த லாஸ் ஆண்டெஸ் ஊரிலும் நுழைந்துவிட்டன. தளபதியோ வயிற்றுவலியும் மூட்டுவலியுமாகக் கோவேறு கழுதையில்தான் வந்தார்.

காலாட்படையில் பெரும் பங்கு விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகள். பிறகு சிலியின் மைப்பூவிலும் பெருவிலும் போரிட்ட அவர்களில் மெண்டோசாவுக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலரே.