செயின்ட் லூசியாவில் நீர்யானைகள்

படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும், மூழ்கிய நீர்யானை எங்கே தலைகாட்டும் என்று வாய் திறவாமல் காத்திருந்தார்கள்.

முதலில் தெரிந்தவை காதுகள்தாம். அவை படபடவென்று அடித்து நீரைச் சிதறடித்தன. பிறகு மூக்குத் துளைகள் திறந்து, புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. "அதுக்குச் சளியா மாமா?" என்று கேட்டாள் நண்பரின் மகள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள செயின்ட் லூசியா, 1999இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ ஈரநிலத்தை ஒட்டிய சிற்றூர். வெயிலில் தோல் எளிதில் வறண்டுவிடும் என்பதால் பகலெல்லாம் நீரில் கிடக்கும் இந்த விலங்குகள், இருட்டியதும் புல் மேய ஊர்த் தெருக்களுக்கே வந்துவிடுகின்றன. ஆகவே, பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை வெளியே விடாதிருப்பது நல்லது.

கேப் விடல் கடற்கரை, முதலைப் பண்ணை என்று நாங்கள் நீண்ட பட்டியலோடுதான் கிளம்பினோம். சிறுபிள்ளைகளோடு போகும்போது ஒரு நாளைக்கு ஓரிடமே தாராளம் என்பது என் எண்ணம். மதியம் தூங்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்கும் எந்தக் காட்சியும் மனத்தில் ஒட்டுவதில்லை. பெரியவர்களுக்கும் இறைச்சி சுடும் பிராய் அடுப்பருகே உட்கார்ந்து பேச நேரம் வேண்டுமல்லவா!

அடுத்த விடுமுறைக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலை என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. எந்த மலையானாலும் சரி, நீச்சல் குளம் உள்ள விடுதிக்கே என் ஓட்டு.