துடைத்தும் போகாத புல்
பிக்காசோ தமது 22-ஆம் வயதில், 1904-இல், பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் வறுமையோடு வாழ்ந்துகொண்டிருந்தபோது உருவாக்கிய ‘எளிய உணவு’ என்னும் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அதிலிருந்து தாளில் அச்சிடும் முறை) ஓவியத்தை நேற்றிரவு திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கசங்கிய மேசைவிரிப்பின்மேல் மதுப்புட்டி, ரொட்டித் துண்டுகள், காலித் தட்டு. பின்னால் பார்வையற்ற ஓர் ஆணும், கன்னத்தில் கை ஊன்றி நம்மையே பார்க்கும் ஒரு பெண்ணும். எலும்பு புடைத்த அவனுடைய நீண்ட விரல்கள் அவள் தோளை அணைத்திருக்கின்றன. முகமோ வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கணவன் மனைவி என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதுத் தகடு வாங்க வசதியில்லாமல், வேறொருவர் இயற்கைக்காட்சி வரைந்திருந்த துத்தநாகத் தகட்டைத்தான் பிக்காசோ பயன்படுத்தினார். பழைய கோடுகளை முழுமையாகத் தேய்த்து நீக்க முடியாததால், ஓவியத்தின் மேல்பகுதியில், பெண்ணின் தலைக்கு அருகே, புல்லின் சுவடுகள் இன்றும் தெரிகின்றன. (இதைக் கண்டபின் முகங்களைப் பார்ப்பதே கடினமாகிவிட்டது.)

1913-இல் பாரிஸ் கலை வணிகர் வொல்லார், தேயாமலிருக்க அத்தகட்டுக்கு எஃகு முலாம் பூசி 250-க்கும் மேற்பட்ட படிகள் அச்சிட்டு வெளியிட்டார். முலாம் பூசுவதற்கு முன் எடுக்கப்பட்ட சில படிகளில் உள்ள கருமையின் ஆழம் வொல்லாரின் படிகளில் இல்லை. எனக்கு அந்தப் பழைய படிகளே பிடித்திருக்கின்றன.