எங்கள் பொங்கோவும் அதன் தண்ணீரும்

மஸ்டா பொங்கோ வாங்கப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும், ஊரில் சாமான் ஏற்றுகிற சின்ன லொறியைத்தான் அப்பா நினைத்தார். "உதிலை பிள்ளையளை எங்கை இருத்தப்போறாய்?" என்று கேட்டார். பெயர் ஒன்றுதான், வண்டி வேறு. இது பொங்கோ ஃபிரெண்டி. 1995 முதல் 2005 வரை ஜப்பானில் விற்பதற்கென்று மஸ்டா செய்த குடும்ப வான். எட்டுப் பேர் இருக்கலாம், பின்சீற்றுகளை மடித்தால் படுக்கை. சில வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை எழும்பும், மேலே இரண்டு பேர் படுக்கக் கூடாரம் விரியும். ஃபோர்ட் ஃப்ரீடா என்ற பெயரில் வந்ததும் இதே வண்டிதான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில். வருடத்தில் இரண்டு தடவையாவது வேல்ஸில் இருக்கிற ஸ்கந்தவேல் முருகன் கோயிலுக்குப் போவோம். மாமா, மாமி, பிள்ளைகள் என்று புறப்பட்டால் இரண்டு கார் வேண்டும். கும்பிட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு இரவு தங்கவும் ஆசை. இவ்வளவுக்கும் ஒரே வண்டி என்று தேடியபோது பொங்கோவில் வந்து நின்றேன்.

2015இல், 1999ஆம் ஆண்டு வண்டி ஒன்றை முகவர் மூலம் ஜப்பான் ஏலத்தில் எடுத்தேன். 2.5 லீட்டர் டர்போ டீசல், ஓட்டோ கியர். ஜப்பானில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'ஷாக்கென்' என்ற கடுமையான சோதனை உண்டு. டீசல் வண்டிக்கு 11 வயது தாண்டினால் வரியும் கூடும். அதனால் நன்றாக ஓடுகிற வண்டியையே அங்கே கைவிடுகிறார்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது என்பதால் ஸ்டியரிங்கும் முன்விளக்குகளும் இங்கே அப்படியே பொருந்தும். ஏலத் தாளில் வண்டியின் படத்தைப் போட்டு எழுத்துகளால் குறித்திருப்பார்கள்: ஏ என்றால் கீறல், யு நசுங்கல், டபிள்யு பூசித் திருத்திய இடம், எஸ் துரு. நான் தேடியது எஸ் மட்டும்தான். நசுங்கலைத் தட்டி எடுக்கலாம்.

கப்பல் வந்தபின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10 சதவீதத் தீர்வை, அதன்மேல் 20 சதவீத வாட் வரி. வண்டி வந்து 14 நாளுக்குள் 'நோவா' என்ற முறையில் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பத்து வயது கடந்த வண்டி என்பதால் தனியான இறக்குமதிப் பரிசோதனை இல்லை, எம்.ஓ.டி. என்ற வழக்கமான வருடாந்தச் சோதனை போதும். நம்பர் பிளேட் வருமுன் எம்.ஓ.டி.யும் காப்புறுதியும் சேஸி நம்பரில்தான் எடுக்கவேண்டும். கிலோமீட்டர் காட்டிய மீட்டரை மைலுக்கு மாற்றினேன், பின்னால் சிவப்பு மூடுபனி விளக்குப் பூட்டினேன். பிறகு வண்டியைப் பதிவதற்கான வி55/5 படிவத்தோடு 55 பவுண்டும் வரிப் பணமும் அனுப்பினேன். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க மறந்ததால் இரண்டு கிழமை வீணானது. நீங்கள் மறக்காதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். அங்கத்தைய விரைவுச்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்ற அறிவிப்பு அது. அந்தப் பெட்டியைக் கழற்றப் போனேன், மகள் விடவில்லை. இன்றைக்கும் அந்தக் குரல் கேட்டபின்தான் எங்கள் பயணம் தொடங்கும்.

இனி முக்கியமான விஷயம். இந்த வண்டியை வைத்திருப்பவருக்கு முதல் வேலை, இரண்டாவது வேலை, மூன்றாவது வேலை எல்லாம் என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீர்தான். என்ஜின் முன்சீற்றுகளுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் வண்டியின் அடியால் பின் ஹீற்றர் வரைக்கும் ஓடுகின்றன. நீண்ட பாதை, மேடு பள்ளம் அதிகம், காற்று அடைபட இடமும் அதிகம். அடைபட்டால் என்ஜின் கொதிக்கும், என்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் வெடிக்கும். ஹெட் போனால் செலவு வண்டியின் விலையை எட்டிவிடும். சூடு காட்டும் ஊசியையும் நம்பமுடியாது. பதினொரு மணி முள் மாதிரி நிற்கும், தண்ணீர் ஓரளவு சூடேறினாலும் அசையாது. அது எழும்பத் தொடங்கும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும்.

2016 வசந்தத்தில் ஒரு கராஜில் டைமிங் பெல்ற் மாற்றக் கொடுத்தேன். 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். முன்பு மாற்றியதற்கு அத்தாட்சி இல்லாததால் காத்திருக்கவில்லை. கூடவே வாட்டர் பம்பும் மாற்றினார்கள். வேலை சுத்தம். ஆனால் தண்ணீரைச் சாதாரண காருக்கு ஊற்றுவதுபோல் மேலால் ஊற்றி மூடிவிட்டார்கள். எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். எல்லோருமாக ஸ்கந்தவேலுக்குப் புறப்பட்டோம். எம்4 நெடுஞ்சாலையில் மாமி சொன்னா, "தம்பி, பின்னுக்குக் குளிர்காத்து வருது." ஹீற்றர் போட்டிருக்கிறது, ஆனால் வருவது குளிர்காற்று. கூடவே பாணி காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு மணம். ஊசி பதினொரு மணியில்தான் நிற்கிறது. அப்பா முன்சீற்றில் இருந்தார். "ஊசியை விடு, ஓரங்கட்டு" என்றார். லீ டெலமேர் தரிப்பிடத்துக்குள் திருப்பி என்ஜினை நிறுத்தினேன். சீற்றுக்கு அடியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அன்று கோயிலுக்குப் போகவில்லை. லொறியில் ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்பினோம்.

அப்பா ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வாடகைக்கு ஒஸ்டின் கார் ஓட்டியவர். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. மறுநாள் காலை என்ஜின் ஆறியிருக்க, இருவருமாகத் தொடங்கினோம். முன்சீற்றைத் தூக்கினோம். இந்த வண்டியில் காற்றை வெளியேற்றவென்றே தனியாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, முனையில் ஒரு போல்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அதன் கிளிப்பில் தூசி படிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்த அப்பா, "உதை ஒருத்தரும் கழற்றேல்லை" என்றார்.

போல்ட்டைக் கழற்றி, குழாயை உயரத் தூக்கிக் கயிற்றால் கட்டினோம். வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சாய்வில் நிறுத்தினோம். முன், பின் ஹீற்றர் இரண்டையும் முழுச் சூட்டில் வைத்தோம். பாதிக்குப் பாதி தண்ணீரும் அன்ரிஃபிரீஸும் கலந்து, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பிறகு என்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். முதலில் பெரிய குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வந்தன. நான் முடிந்தது என்று நினைத்தேன். "பொறு, இன்னும் காத்து நிக்குது" என்று அப்பா அடிக்குழாய்களைக் கையால் அமத்தி அமத்தி விட்டார். சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் ஒரேயடியாகக் கீழே போனது. பழைய அளவுக்கு மேல் இன்னும் ஒன்றரை லீட்டர் உள்ளே போனது. அவ்வளவும் முன்பு வெறும் காற்று! கடைசியில் ஊசிமுனைக் குமிழிகளும் நின்றன. மகள் பின்சீற்றிலிருந்து "சுடுகாத்து வருது, அப்பப்பா" என்று கத்தினாள். அப்போதுதான் போல்ட்டை அடைத்தோம். தொடங்கி இரண்டரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

ஹெட் தப்பியதா என்று பார்க்க ஒரு நீலத் திரவம் விற்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் வாயில் வைத்து உள்ளே நிற்கிற காற்றை அதற்குள் இழுத்தால், என்ஜின் புகை கலந்திருந்தால் நிறம் மாறும். எங்களது நீலமாகவே நின்றது. அம்மா ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா.

அடுத்த கிழமையே தண்ணீர் குறைந்தால் சத்தமிடும் அலாரம் பூட்டினேன். தொட்டியில் ஒரு சென்சர், டாஷ்போர்டில் ஒரு பஸர், அவ்வளவுதான். பொங்கோ வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: திரைச்சீலை, சின்ன அடுப்பு, புது ரேடியோ எல்லாம் பிறகு. முதற்காசு அலாரத்துக்கு, இரண்டாவது பின் ஹீற்றருக்குப் போகிற இரும்புக் குழாய்களுக்கு. அவை ரப்பரோடு சேருகிற இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும். என்னுடையதை 2019இல் மாற்றினேன். கையில் எடுத்து அழுத்தியபோது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

உதிரிப்பாகம் கிடைக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த டீசல் என்ஜின் வகை இங்கே விற்ற மஸ்டா பி2500, ஃபோர்ட் ரேஞ்சர் பிக்கப்களிலும் வந்தது. ஃபில்டர், பெல்ற் எல்லாம் கிடைக்கும். சேஸி நம்பரைச் சொல்லிக் கேட்கவேண்டும், வருடத்தைச் சொன்னால் பிழையான சாமான் வரும்.

துருதான் அடுத்த எதிரி. இங்கே பனிக்காலத்தில் தெருவில் உப்புப் போடுகிறார்கள். வந்தவுடன் வண்டியின் அடியைக் கழுவி மெழுகு அடித்தேன், ஆனால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிக்கால்களின் உட்பக்கத்தை விட்டுவிட்டேன். 2021 எம்.ஓ.டி.யில் அதே இடத்தில் வெல்டிங் வேலை வந்தது. உள்ளே இருந்துதான் தின்கிறது. துவாரத்தால் குழாய் விட்டு உட்பக்கமும் அடிக்க வேண்டும்.

மாற்றங்களில் நான் மனநிறைவோடு சொல்லக்கூடியது இரண்டாவது பற்றரி. என்ஜின் ஓடும்போது ரிலே வழியாகச் சார்ஜ் ஆகும், நிறுத்தியபின் பிரிந்து நிற்கும். இரவு முழுக்க விளக்கும் சின்னக் குளிர்ப்பெட்டியும் ஓடினாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். சமையல் அலுமாரியைக் கழற்றக்கூடியதாகவே செய்தேன், எட்டு இருக்கையும் வேண்டும் என்பதால். காப்புறுதிக்காரரிடம் இவை எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஒரே வருத்தம் லண்டன். புகை கூடிய பழைய வண்டிகளுக்குக் கட்டணம் எடுக்கும் யூலெஸ் வலயம் 2021 ஒக்டோபரில் விரிந்தபின் ஹைகேட் முருகன் கோயிலுக்கு இந்த வானில் போனால் நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஓகஸ்டிலிருந்து லண்டன் முழுவதுக்கும் அப்படித்தான். அதனால் ஹைகேட்டுக்கு ரயில், ஸ்கந்தவேலுக்கு பொங்கோ.

போன மாதம் தொட்டி மூடியின் ரப்பர் இறுகியிருந்தது தெரிந்தது. புது மூடி வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை அதைப் பூட்டி, ஒருமுறை காற்றும் எடுத்துவிட்டு, ஞாயிறு விடிய வேல்ஸுக்குப் புறப்படுகிறோம்.