புது செல் போட்டும் பேசாத ரேடியோ

அத்தை வீட்டுப் பரணில் செல்லோடு பல வருடம் கிடந்த கைரேடியோ இது. இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடும். எஃப்எம், மீடியம் வேவ் இரண்டும் எடுக்கும்.

மூடியைத் திறந்தால் மைனஸ் பக்க ஸ்பிரிங் முழுக்க வெள்ளை உப்பு. ஆல்கலைன் செல் கசிந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இப்படி உறையும். அது காரம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். நுரைத்துக் கரைந்தது. (பழைய கார்பன் செல் கசிவு அமிலம் சார்ந்தது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல்தான் சரி.) அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன்.

புது செல் போட்டேன். சத்தமே இல்லை.

பலர் இந்த இடத்தில் 'போர்டு (உள்ளிருக்கும் சர்க்யூட் பலகை) போச்சு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, போர்டில் வயர் வந்து சேரும் இரண்டு புள்ளிகளில் வைத்தேன். ரேடியோ அணைந்திருக்கும்போது 3.1 வோல்ட். சுவிட்சைப் போட்டதும் 1 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. அதே நேரத்தில் செல்களின் முனையில் அளந்தால் 3 வோல்ட் குறையாமல் நிற்கிறது. அப்படியானால் மிச்ச வோல்ட் வழியில் எங்கோ தங்குகிறது. மீட்டரின் ஒரு முனையை ஸ்பிரிங்கிலும் மறுமுனையை போர்டின் மைனஸிலும் வைத்தேன்: 2 வோல்ட்டுக்கு மேல்! நல்ல வயரில் அங்கே கிட்டத்தட்ட சுழியம்தான் காட்ட வேண்டும். சுவிட்சைப் போடாமல் அளந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. மின்னோட்டம் இல்லாதபோது கெட்ட வயரும் நல்ல வயர் போலவே காட்டும்.

வெளியே பார்க்க அந்தக் கறுப்பு வயரில் ஒரு குறையும் இல்லை. உறையைச் சீவினால் உள்ளே செம்பு முழுக்கக் களிம்பேறிக் கறுத்திருந்தது. பற்றவைக்கப் பார்த்தால் ஈயம் ஒட்டவே மறுத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சீவினேன், அங்கேயும் அதே கதை. கசிந்த திரவம் இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் போர்டு வரைக்கும் ஏறியிருக்கிறது. ஒட்டுப்போட்டுப் பயனில்லை என்று முழு வயரையும் மாற்றினேன்.

இப்போது சுவிட்ச் போட்டும் 3 வோல்ட் நிற்கிறது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரத்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை முன்னும் பின்னும் திருகியதில் அடங்கிவிட்டது. மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முள்ளைக் கொண்டுபோனதும் திருச்சி வானொலி வந்தது. ரேடியோவைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் இன்னும் தெளிவு, உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை முக்கியம். இந்தக் குரலைக் கேட்டபோது வந்த சந்தோஷம் புது ரேடியோ வாங்கினால் வராது.

ஒன்று பாக்கி. சத்தத்தைக் கூட்டினால் 'புட் புட்' என்று அடித்துக்கொள்கிறது. மின்வரவுக்குக் குறுக்கே இருந்து வோல்ட் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் உலர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. 220 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்து அதை மாற்ற வேண்டும்.