நான் ‘இல்லை’ என்று தொட்ட கேள்வி

டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் இடம் என்றார்கள். பெண்ணுக்கு அப்போதுதான் ஒன்றரை வயது. அடுத்தது இப்போதைக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் கணவருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஃப்ரீமான்ட்டில் எங்கள் மேல்வீட்டுத் தோழிதான், “இந்த ஊரில் கருத்தடை மாத்திரைக்கு டாக்டர் எதுக்கு? பார்மசிஸ்ட்டே எழுதித் தருவாங்களே” என்றாள். கலிஃபோர்னியாவில் 2013இல் சட்டம் போட்டு, 2016 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறதாம். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மருந்துக் கடையின் ஆப்பில் மறுநாளே நேரம் கிடைத்தது. ஆலோசனைக்கு 45 டாலர். அதை இன்ஷூரன்ஸ் ஏற்கவில்லை, மாத்திரைக்கு மட்டும் முழுதாகக் கொடுத்தது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

போனதும் கையில் ஒரு ஐபேடைக் கொடுத்து, மருந்து அலமாரிகளுக்கு நடுவே இருந்த சின்னத் தடுப்பறையில் உட்கார வைத்தார்கள். இருபது கேள்விக்கு மேல். கடைசி பீரியட்ஸ் என்றைக்கு, புகை பிடிப்பீர்களா, ஆறு வாரத்துக்குள் பிரசவம் ஆனதா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, ரத்தம் உறைந்து கட்டி வந்ததுண்டா, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா. நீண்ட விமானப் பயணம் போல அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டி வருமா என்று ஒன்று இருந்தது. சென்னைக்குப் போக இருபது மணி நேரத்துக்கு மேல் மடங்கி உட்காரும் நம் கூட்டத்துக்கென்றே எழுதியது போல. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, விரலால் தொட்டால் போதும். அது எனக்குப் பிடித்திருந்தது.

‘மைக்ரேன் தலைவலி வருமா?’ என்று கேட்டது. இல்லை என்று தொட்டேன். அடுத்த கேள்வி வந்துவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது எனக்குத் தலை இடிக்கும்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பித்தம். அம்மாவுக்கும் வரும். இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் குடித்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். மைக்ரேன் என்பது டாக்டரிடம் போய்ப் பெயர் வாங்கி வந்தவர்களுக்கு உள்ள வியாதி என்றே நினைத்திருந்தேன்.

பார்மசிஸ்ட் வந்து பிபி பார்த்தார். 138/88. 140/90ஐத் தொட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை தர மாட்டார்களாம். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கிலிருந்து ஓடி வந்ததன் விளைவு. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்ததில் 124/80. அவர் திரையில் எல்லாம் பச்சை. தோழி சாப்பிடும் அதே மாத்திரையைக் கேட்டேன், அதற்கும் தடையில்லை.

மருந்துச் சீட்டை அச்சடிக்கப் போனவர் நின்றார். ‘வேறு மருந்துகள்’ என்ற கட்டத்தில் நான் இபுபுரோஃபென் என்று எழுதியிருந்தேன். “இது எதற்கு?” என்றார். தலைவலிக்கு என்றேன். “வலி வருவதற்கு முன் கண்ணில் ஏதாவது தெரியுமா?”

தெரியும். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி மினுங்கத் தொடங்கும். அது வளைந்து நெளிந்து ரம்பப் பல் மாதிரி கோடாகிப் பெரிதாகும். அந்த இடத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாது. இருபது நிமிடத்தில் போய்விடும், பிறகு வலி. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஐபேடை என் பக்கம் திருப்பி, அந்தப் பழைய கேள்விக்குப் போகச் சொன்னார். ‘ஆம்’ என்று தொட்டதும் அதற்கடியில் இன்னொரு கேள்வி முளைத்தது: தலைவலிக்கு முன்னால் ஒளிக்கீற்றுகள், பார்வையில் மறைவு, கையிலோ முகத்திலோ ஊர்வது போன்ற உணர்வு? அதற்கும் ஆம். அவர் திரையில் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் எல்லாம் ஒரே நொடியில் சிவப்பு. இந்த வகை மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தால் பக்கவாத அபாயம் கூடுகிறது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் அட்டவணையில் இது நான்காம் வகை, அதாவது கொடுக்கவே கூடாது.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதனால் எனக்கு அபாயத்தைவிட அந்த முளைத்த கேள்விதான் முதலில் உறைத்தது. இதே கேள்விகளுக்கு மாநிலம் வெளியிட்ட தாள் படிவத்தைப் பிறகு தேடிப் பார்த்தேன். அதில் மைக்ரேன் கேள்விகள் இரண்டும் ஒரே இடத்தில், ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. தாளாக இருந்திருந்தால் ‘ஒளிக்கீற்று’ என்பதைப் படித்ததுமே நிமிர்ந்திருப்பேன். திரையைச் சுத்தமாக வைப்பதற்காக யாரோ அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். வியாதியின் பெயர் தெரிந்தவருக்கு மட்டுமே அறிகுறி கண்ணில் படும்.

ஊரில் மெடிக்கல் ஷாப்பில் மாலா-டி கேட்டால் பழைய பேப்பரில் சுற்றி நீட்டிவிடுவார்கள், ஒரு கேள்வி கிடையாது. அதுவும் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைதான். அதை நினைத்ததும் இந்த 45 டாலர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

கிடைத்தது ஈஸ்ட்ரோஜன் இல்லாமல், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை. தினமும் ஒரே நேரம், மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் தொடங்கியதால் முதல் இரண்டு நாள் ஆணுறையும் வேண்டும். “ஓபில் என்று ஒன்று 2024 மார்ச்சிலிருந்து சீட்டே இல்லாமல் அலமாரியில் இருக்கிறது, இதே வகைதான்” என்று அவரே சொன்னார். மாதம் 20 டாலர், கைக்காசு. இன்ஷூரன்ஸில் வருவதையே வாங்கிக்கொண்டேன். டாக்டருக்குத் தகவல் அங்கிருந்தே போய்விட்டது. ஒரு வருடம் கழித்து மறுபடி அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஆப்பில் கருத்துப் பெட்டியைத் திறந்து, வேலையில் எழுதுவது போலவே எழுதினேன்: என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது, தானாக.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். தலைவலிக்கு முன்னால் கண்ணில் ரம்பம் மாதிரி மின்னுமா என்று கேட்டேன்.

“ஆமாடி, பித்தம்னா மின்னத்தானே செய்யும்? உன் பாட்டிக்கும் அப்படித்தான்.”