கல்வாரிப் பாறையைத் தொட்ட அம்மா

எருசலேமுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நேர்ச்சை. அண்ணன் நோயில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. அண்ணன் பிழைக்கவில்லை. ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதானே என்று அம்மா விடவில்லை.

அப்போது ஜெபிக்க வந்த பெரியம்மா ஒருவர், "உங்க குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு, அதான் பிள்ளைக்கு இப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தும் அந்தச் சொல் மட்டும் உள்ளே தைத்தபடியே கிடந்தது.

எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டி பெத்சதா குளம். இப்போது பெரும்பாலும் இடிபாடுகள்தான். 38 ஆண்டுகள் நோயோடு கிடந்தவரை ஆண்டவர் எழுப்பிய இடம். உடன் வந்த குருவானவர் யோவான் 5-ஆம் அதிகாரத்தை வாசித்தார். இனிப் பாவம் செய்யாதே, இதைவிடக் கேடானது நேராதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொல்லும் இடம் வந்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்போ அவங்க சொன்னது சரிதானா சாமி?" என்று கேட்டேவிட்டார்.

சாமி அவசரப்படவில்லை. "அது குணமான பிறகு கோவிலில் பார்த்துச் சொன்னதும்மா. படுத்திருந்தவரிடம் கேட்டது, நலம்பெற விரும்புகிறீரா என்று மட்டும்தான்" என்றார். அப்புறம் 9-ஆம் அதிகாரத்தைத் திருப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் ஆண்டவர். லூக்கா நற்செய்தியில், சிலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்கிறார். பாவத்தால் உலகத்துக்குத் துன்பம் வந்தது என்பது நம் விசுவாசம். அதை வைத்து ஒருவரின் நோய்க்குக் கணக்குப் பார்க்க யாருக்கு உரிமை? பாவமே அறியாதவர் அல்லவா சிலுவையில் தொங்கினார்!

ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்த சிலுவைப் பாதையில் ஒவ்வொரு நிலையிலும் தள்ளுமுள்ளு. ஒலிவமரச் சிலுவை வாங்கச் சொல்லி ஒருவர் கையைப் பிடித்தே இழுத்தார். ஜெபிக்கிற நேரத்திலாவது விடக்கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

திருக்கல்லறைக் கோவிலில், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. முட்டி வலியோடு அம்மா ஏறினார். நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் பீடத்துக்கு அடியில் குனிந்து, வெள்ளித் தகட்டின் துளைக்குள் கையை விட்டுப் பாறையைத் தொட்டார். அண்ணன் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். "ஆண்டவரே, அவங்களை மன்னிச்சிட்டேன், நீங்களும் மன்னிச்சிடுங்க" என்றார். பின்னாலிருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள், அம்மா எழவில்லை. அழுதார். நானும் அழுதேன். தன்மேல் பழி சுமத்திய நண்பர்களுக்காக யோபு ஜெபித்தாரே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கீழே, ஆண்டவரின் உடலுக்குத் தைலம் பூசியதாக வணங்கும் கல்லில் எல்லாரும் துணி வைத்து ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா வீட்டில் உள்ளவர்களுக்கு என்று ஒவ்வொரு கைக்குட்டையாக ஒற்றி எடுத்தார். கடைசியாக ஒன்றை மடித்து என்னிடம் தந்து, "இது பெரியம்மாவுக்கு, தனியா வை" என்றார். இயேசுவே உமக்கு நன்றி, இயேசுவே உமக்கு ஸ்தோத்திரம்.