சுவரில் எழுதிய மதிப்பீடுகளும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும்

திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளி ஒன்றின் முகப்பில் அன்பு, மன்னிப்பு, நேர்மை, பணிவு, சேவை என்று பெரிய எழுத்துகளில் எழுதி வைத்திருப்பது வழக்கம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஆறு வயதுப் பிள்ளை சுவரில் உள்ளதை வாசித்து முடிப்பதற்குள் ஆசிரியரின் முகத்தை வாசித்து முடித்துவிடும். நான் தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்துபவள். கிறிஸ்தவ மதிப்பீடுகளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று பிற ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் என் பதில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஒரு பிள்ளை தவறு செய்து மாட்டிக்கொள்ளும் வேளையிலும், யாராலும் சேர்த்துக்கொள்ளப்படாமல் ஒரு பிள்ளை ஓரமாக நிற்கும் வேளையிலும், பள்ளியில் பதவியால் கடைசியில் இருக்கும் பெரியவரிடம் மற்றப் பெரியவர்கள் பேசும் வேளையிலும்தான் அந்த மதிப்பீடுகள் கற்பிக்கப்படுகின்றன. காலை வழிபாடு அதற்கு நம்மை ஆயத்தப்படுத்தலாம். அதற்கு ஈடாகிவிட முடியாது.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைப் பள்ளி ஆண்டு விழாக்களில் அடிக்கடி வாசிக்கிறோம். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி இயேசு சொல்லும் பகுதி அது. அங்கே அவர் கோபப்படுவது பிள்ளைகள் மேல் அன்று, ஒழுங்கைக் காப்பதாக நினைத்து அவர்களைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீடர்கள் மேல் என்பதை நாம் கவனிப்பதே இல்லை. மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்திலும் அப்படியே: பரலோக ராஜ்யத்தில் யார் பெரியவன் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள், அவர் ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்துகிறார். இந்த வசனங்களை மேடையில் ஒருவர் உருக்கமாக வாசித்துக்கொண்டிருக்க, சிறப்பு விருந்தினரின் வருகைக்காகப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாகக் காத்துக்கிடப்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

மன்னிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியில் மிக மலிவாகப் புழங்குவது இதுதான். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையின் வண்ணப் பென்சில்களை எடுத்து, நுனிகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழுகைச் சத்தம் கேட்டு ஆசிரியர் வருகிறார். “ஸாரி சொல்லு” என்கிறார். குற்றவாளி தரையைப் பார்த்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே “ஸாரி” என்று முணுமுணுக்கிறான். “பரவாயில்லைன்னு சொல்லு” என்று அடுத்த கட்டளை பிறக்கிறது. அழுதுகொண்டிருக்கும் பிள்ளை மூக்கை உறிஞ்சியபடி அதையும் சொல்லிவிடுகிறது. ஒரு நிமிடத்தில் வழக்கு முடிந்தது. ஒடிந்த நுனிகள் ஒடிந்தபடியே இருக்கின்றன. ஒரு சொல்லைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று ஒருவனும், தன் இழப்பைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை என்று மற்றவளும் கற்றுக்கொண்டார்கள். இதற்குக் கிறிஸ்தவ மன்னிப்பு என்று பெயர் வைத்தால் நற்செய்தி அதை ஏற்காது.

ஏனென்றால் வேதாகமத்தில் மன்னிப்பும் ஈடுசெய்தலும் சேர்ந்தே வருகின்றன. தவறை ஒப்புக்கொண்டவன் எடுத்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் சகேயு என்ற வரி வசூலிப்பவன் அந்தக் கணக்கையெல்லாம் தாண்டி, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது நிகழ்வுகளின் வரிசை. மரத்தின் மேலிருந்த அவனை இயேசு பெயர் சொல்லி அழைத்ததும், அவன் வீட்டில் தங்குவேன் என்று ஊரார் முன் அறிவித்ததும்தான் முதலில் நடந்தன. கணக்குத் தீர்ப்பது பிறகு வந்தது, அதுவும் அவன் வாயிலிருந்தே வந்தது. தவறு செய்த பிள்ளையிடமும் இந்த வரிசையைக் கடைப்பிடிக்க முடியும். நீ இன்னமும் இந்த வகுப்பைச் சேர்ந்தவன்தான் என்பது அவனுக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு கேட்கலாம்: என்ன நடந்தது? யாருக்கு என்ன இழப்பு? அதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும்? இப்படிக் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைகள் சொல்லும் தீர்வுகள் பெரும்பாலும் நாம் விதிக்கக்கூடிய தண்டனையைவிடக் கடுமையாக இருக்கும். சில வேளைகளில் அதைக் குறைப்பதே ஆசிரியரின் வேலையாகிவிடும். பென்சில்களைச் சீவிக் கொடுக்கிறேன், சீவ முடியாத அளவுக்குச் சிறியவற்றுக்கு என் பெட்டியிலிருந்து கொடுக்கிறேன் என்று அவன் தானாகச் சொன்னால், அதற்கான நேரத்தை நாம் ஒதுக்கித்தர வேண்டும். அன்று கணக்குப் பாடம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கட்டும்.

இந்த முறைக்குப் பள்ளிகளுக்கு வெளியிலும் ஒரு வரலாறு உண்டு. 1974ஆம் ஆண்டில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். அவர்களுடைய வழக்கில் தொடர்புகொண்டிருந்த மெனோனைட் என்ற சபைப் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர்களை அந்த இளைஞர்கள் நேரில் சந்தித்தால் என்ன என்று யோசனை சொன்னார், நீதிபதியும் இசைந்தார். அவர்கள் வீடு வீடாகச் சென்று சேதத்தைக் கேட்டறிந்து பின்னர் அதற்கு ஈடுசெய்தார்கள். இன்று பல நாடுகளின் பள்ளிகளில் பின்பற்றப்படும், தண்டிப்பதைவிட இழப்பைச் சரிசெய்வதை முதன்மையாகக் கொள்ளும் சீரமைப்பு நீதி முறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுவார்கள். இது அனைவருக்கும் பொதுவான கருவி என்பது உண்மை. ஆயினும் அதைக் கையில் எடுக்கும் கிறிஸ்தவ ஆசிரியர், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன மலைப்பிரசங்கத்தையே நடைமுறைப்படுத்துகிறார். வழிபாடே ஒப்புரவுக்காகக் காத்திருக்கலாம் என்றால் கணக்குப் பாடம் காத்திருக்கக் கூடாதா?

இதில் ஓர் எல்லைக்கோடும் உண்டு. ஏழெழுபது தரம், அதாவது கணக்குப் பார்க்காமல், மன்னிக்கும்படியான இயேசுவின் வார்த்தை, என் சகோதரனை நான் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று தன் பொருட்டுத் தானே கேட்ட பேதுருவுக்குச் சொல்லப்பட்டது. அதை எடுத்து, அடிபட்டு நிற்கும் இன்னொருவர் மேல் சுமத்த நமக்கு உரிமை இல்லை. தொடர்ந்து கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளையிடம் “மன்னித்துவிடு” என்று சொல்வது, கொடுமை செய்பவனுக்கு நாமே அனுமதிச் சீட்டு எழுதித் தருவதாகும். அதிலும், பெரியவர் ஒருவர் தனக்குத் தீங்கு செய்ததாக ஒரு பிள்ளை சொல்லும்போது, திருச்சபையின் நற்பெயரையும் மன்னிப்பையும் காட்டி அதை மூடி மறைப்பது பாவம் என்பதோடு பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. அந்த வேளையில் ஆசிரியர் செய்ய வேண்டியது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், பொறுமையாகக் கேட்டு, பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதிவைத்து, உரிய பொறுப்பாளரிடமும் அதிகாரிகளிடமும் அன்றே தெரிவிப்பதுதான். சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் பெரிய கல்லை, கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்ற எச்சரிக்கையும் மத்தேயுவின் அதே பதினெட்டாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது, சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளை. மூன்றாம் வகுப்பில் இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையை நடத்தும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கலவரம் வெடிக்கும். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரு பணம் என்று சொல்லி முடிப்பதற்குள், “அது அநியாயம் மிஸ்!” என்ற குரல்கள் எழும்பும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம் முதலில் கொதிப்பார்கள். சீக்கிரம் வந்து கடைசிவரை உழைக்கும் பழக்கம் அவர்களுடையது அல்லவா! நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் காத்திருப்பேன். ஒருமுறை, அதிகம் பேசாத ஒரு சிறுமி தலையை நிமிர்த்தாமலே, “அவங்களை யாருமே கூப்பிடலையே மிஸ், அதனாலதானே அங்கேயே நின்னாங்க” என்றாள். உவமையில் அப்படித்தான் இருக்கிறது: ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். விளையாட்டு வேளையில் அணி பிரிக்கும்போது கடைசிவரை நிற்கும் பிள்ளைக்கு அந்த வரி தன் கதையாகத் தெரிந்துவிடுகிறது. விரிவுரை எழுதிய பெரியவர்கள் பலர் அதை அவ்வளவு விரைவில் கண்டிருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தப் பாடத்திற்குப் பிறகு அணித் தலைவர்கள் ஆள் பொறுக்கும் முறையையே நான் நிறுத்திவிட்டேன். சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கிறோம். உவமை முழுவதையும் எங்களால் வாழ்ந்துகாட்ட முடியவில்லை என்றாலும், யாரும் கூப்பிடாமல் சந்தையில் நிற்கும் நிலை அந்த அரைமணி நேரத்துக்காவது யாருக்கும் வருவதில்லை.

தர்மம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, யார் யார் எவ்வளவு நன்கொடை கொண்டுவந்தார்கள் என்று வகுப்பறைச் சுவரில் பட்டியல் ஒட்டுவது முறையாகாது. கொண்டுவர முடியாத பிள்ளை அந்தப் பட்டியலை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும். மூடிய பெட்டி ஒன்றை எல்லோரிடமும் சுற்றிவரச் செய்து, எல்லோரும் அதற்குள் கையை விட்டு எடுத்தால் போதும். யார் போட்டார், யார் வெறுங்கையை விட்டார் என்பது பெட்டிக்கே வெளிச்சம்.

பெரியவர்களிடம் வருகிறேன். யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அந்த வேலை அன்றைய சமுதாயத்தில் வேலைக்காரருடையது. எங்கள் பள்ளிகளில் கழிப்பறையைக் கழுவும் அம்மாவின் பெயர் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அதைவிட முக்கியமாக, எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? தலைமையாசிரியர் அவரிடம் “வணக்கம்மா” என்று நின்று சொல்லிவிட்டுப் போவதை வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பார்த்தால், பணிவைப் பற்றிய அந்த வாரத்து வழிபாட்டு உரையைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம். இளையோரின் கல்விக்காகச் சலேசிய சபையை நிறுவிய இத்தாலியக் குரு டொன் பொஸ்கோ 1884இல் ரோமிலிருந்து தம் சபையினருக்கு எழுதிய மடலில், இளையோரை நேசிப்பது மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். பிள்ளைகளுக்காகவே உயிரை விடுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆசிரியர் அறைகளுக்கு அந்த மடல் நன்றாகப் பொருந்தும். மதிய இடைவேளையில் ஒரு பிள்ளையின் குடும்பக் கதையை அலசி முடித்துவிட்டு, அடுத்த மணியில் அதே பிள்ளையின் முன் நின்று அன்பைப் பற்றிப் பேசினால், ஏதோ சரியில்லை என்பது அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

பிற சமயப் பிள்ளைகளும் எந்தச் சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் இதெல்லாம் எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆவது பிரிவு, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றில் பிள்ளைக்குள்ள சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது. அப்படி ஒரு பிரிவு இல்லாதிருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்: ஜெப வேளையில் வாயசைக்கும்படி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்துவது ஜெபத்திற்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல. அமைதியாக இருந்தால் போதும். அயலான் யார் என்ற கேள்விக்கு இயேசு சொன்ன கதையில், காயப்பட்டவனைக் கடந்து போனவர்கள் ஆலயத்துக்காரர்கள். நின்று உதவியவனோ வேறு வழிபாட்டு மரபைச் சேர்ந்த சமாரியன். ஆகையால் இரக்கத்தை எங்கள் சபையின் தனிச்சொத்தாகக் காட்டி எங்களால் பாடம் நடத்த முடியாது. பிற சமயப் பிள்ளை ஒன்று இடைவேளையில் விழுந்தவனைத் தூக்கிவிட்டால், அதை அப்படியே சொல்லிப் பாராட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பாராட்டு என்றதும் எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் இன்னும் முடியாத ஒரு வாக்குவாதம் நினைவுக்கு வருகிறது. ஆண்டிறுதியில் நற்பண்புக்கென ஒரு கோப்பை தரும் வழக்கம் உள்ளது. பண்புள்ள பிள்ளைக்கு ஊக்கம் தர வேண்டாமா என்கிறார்கள் சிலர். அந்தப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் படிப்பிலும் விளையாட்டிலும் பரிசு பெறாத பிள்ளை ஒன்று மேடையேற அது ஒன்றே வழியாக இருக்கலாம். எனினும் கோப்பையை அறிவித்த பிறகு இரண்டு மாதங்களுக்கு ஆசிரியர் பார்வைபடும் இடங்களில் மட்டும் திடீரென்று உதவிகள் பெருகுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது ஒடிந்த பென்சில்களைச் சீவிக் கொடுத்தவன் பட்டியலில் வருவதே இல்லை. கோப்பையைக் கைவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆண்டு முழுவதும் ஆசிரியர் கண்ட ஒரு நல்ல செயலை எழுதிப் பெற்றோருக்கு மடலாக அனுப்பலாம் என்பது என் யோசனை. வேலை அதிகம் என்று சக ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதுவும் உண்மைதான். அடுத்த பருவத்தின் முதல் கூட்டத்தில் இது மறுபடியும் விவாதத்துக்கு வருகிறது, அதற்குள் என் வகுப்புக்கான மடல்களையாவது எழுதத் தொடங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.